குழந்தைகளின் மனநலச் சிகிச்சையில் சான்றின் இடம்

பெங்களூர் நகரத்திலும் அதனை அடுத்த கிராமங்களிலும் வாழும் பதினாறு வயதிற்குட்பட்ட 2,064 குழந்தைகளை ஆராய்ந்து கண்ட முடிவுகள் 2005-ஆம் ஆண்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிச் சஞ்சிகையில் வெளியாயின. நிம்ஹான்ஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் தேசிய மனநல, நரம்பியல் விஞ்ஞான நிலையத்தைச் சேர்ந்த டாக்டர் ஷோபா ஸ்ரீநாத், டாக்டர் சதீஷ் கிரிமாஜி முதலியோர் நடத்திய ஆராய்ச்சி அது. நூற்றுக்குப் பன்னிரண்டரைக் குழந்தைகளிடம் ஏதேனும் ஒரு வகை மனக்கோளாறு காணப்பட்டது. நடுத்தர வகுப்பினரின் வீதிகள், குடிசைப் பகுதிகள், கிராமங்கள் ஆகிய மூன்றிற்கும் இடையே இந்த அளவில் குறிப்பிடத்தக்க வேற்றுமை இல்லை. பட்டணத்து வாழ்க்கையே பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று சொல்லி வருவோர் இதனைச் சற்று நிதானித்துப் படித்தல் நலம்.

அக்கோளாறுகளின் பட்டியல் பெற்றோருக்கு வியப்பளிக்கக் கூடும். உறக்கத்தில் சிறுநீர் கழித்தல், ஒரு குறிப்பிட்ட பொருளையோ பிராணியையோ கண்டு அளவுக்கு மீறி அஞ்சுதல், ஓரிடத்தில் நிலைகொள்ளாத மிகைத் துடிப்பு, திக்கிப் பேசுதல், பெரியோர் சொல்லை எதிர்த்தே நிற்கும் போக்கு ஆகியவையே அதில் முன்னணியில் நின்றன. மூன்று வயது வரையுள்ள சிசுக்களிடம் அழும்பொழுது மூச்சை அடக்கிக்கொள்வதும், மண் முதலியவற்றைத் தின்பதும் காணப்பட்டன. இவற்றில் பலவற்றை நம் வீடுகளில் யாரும் நோய் என்று கருதுவதில்லை. பிடிவாதம் என்பர்; சோம்பல் என்பர்; வளர்ந்தால் சரியாகிவிடும் என்பர். சிகிச்சையின் தேவையைக் குறித்து விசாரித்தபோது, 37.5 சதவிகிதக் குடும்பத்தினரே தம் குழந்தைக்கு ஏதோ குறை உண்டு என்பதை உணர்ந்திருந்தனர் என்று அதே ஆராய்ச்சி கூறுகிறது.

பத்து ஆண்டுகளுக்குப் பின், 2015-16-இல், பன்னிரண்டு ராஜ்யங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பு நடைபெற்றது. அதனையும் நடத்தியது பெங்களூர் நிலையமே. பதின்மூன்று முதல் பதினேழு வயது வரையுள்ளோரில் 7.3 சதவிகிதத்தினர் மனக்கோளாறு உடையவர்கள் என்று அது கண்டது. பெருநகரங்களில் மட்டும் பார்த்தால் இது 13.5 சதவிகிதம். முன்னைய ஆராய்ச்சியோடு இது முரண்படுவதாகத் தோன்றலாம். ஆனால் ஆராய்ந்த வயதும் வேறு, கையாண்ட கருவிகளும் வேறு என்பதால் இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிடுவது முறையாகாது. இரண்டும் சேர்ந்து அறிவிக்கும் செய்தி ஒன்றே: தேவைப்படும் குழந்தைகள் மிகப் பலர், சிகிச்சை பெறுவோர் மிகச் சிலர்.

இக்குறையைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும், மருத்துவர்கள் போதாது, ஆஸ்பத்திரிகள் போதா, விழிப்பு போதாது என்பதோடு நிறுத்திக்கொள்கின்றனர். அவை யாவும் உண்மையே. நம் நாட்டில் லட்சம் பேருக்கு ஒரு மனநோய் மருத்துவர் என்ற விகிதம்கூட இல்லை. குழந்தைகளின் மனநோயில் தனிப் பயிற்சி பெற்றோர் அவர்களிலும் அரியர். ஆயினும் இதற்கு அடுத்துக் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அது அவ்வளவாகக் கேட்கப்படுவதில்லை. குழந்தையின் குறையை அறிந்து பெற்றோர் உதவி நாடி வந்த பின்னர், அக்குழந்தைக்கு அளிக்கப்படும் சிகிச்சை பயன் தரும் என்பதற்குச் சான்று என்ன?

காய்ச்சலுக்குக் கொடுக்கும் மருந்தைப் பற்றி இக்கேள்வியைக் கேட்க யாரும் தயங்குவதில்லை. மனத்தைப் பற்றிய சிகிச்சை என்றவுடன் மட்டும், அன்பும் நல்லெண்ணமும் இருந்தால் போதும் என்ற எண்ணம் படித்தவர்களிடமும் வந்துவிடுகிறது. பள்ளிக்கூடங்களில் ஒரு நாள் சொற்பொழிவு, கோடை விடுமுறையில் ஒரு வாரப் பயிற்சி முகாம், ஞாபகசக்திக்கு ஒரு லேகியம், மனஒருமைக்கு ஒரு வகுப்பு என்று பல விற்பனையாகின்றன. பணம் கொடுக்கும் பெற்றோரும் கேட்பதில்லை. அனுமதி அளிக்கும் நிர்வாகிகளும் கேட்பதில்லை. விசாரித்தால், சென்ற ஆண்டு இதில் சேர்ந்த பிள்ளைகள் பலர் நன்கு தேறினர் என்று விடை வரும். அவ்விடை பொய்யாக இருக்கவேண்டும் என்பதில்லை. மெய்யாக இருந்தாலும் அதனைச் சான்றாகக் கொள்ள இயலாது என்பதே இங்கு விளக்கவேண்டிய விஷயம்.

அமெரிக்காவில் மனச்சோர்வு கொண்ட பன்னிரண்டு முதல் பதினேழு வயது வரையிலான 439 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு, 2004-ஆம் ஆண்டில் முடிவு வெளியான பரிசோதனை இதற்கு நல்ல உதாரணமாகும். அவர்கள் குலுக்கல் முறையில் நான்கு பிரிவினராகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு ஃப்ளூவாக்ஸெட்டின் என்ற மருந்து. மற்றொரு பிரிவினருக்கு, தவறான எண்ணப் போக்குகளைத் தாமே கண்டறிந்து திருத்திக்கொள்ளப் பழக்கும் சிந்தனை-நடத்தைச் சிகிச்சை. மூன்றாம் பிரிவினருக்கு இரண்டும். நான்காம் பிரிவினருக்கு மருந்துச் சத்து ஏதுமற்ற வெறும் மாத்திரை. பன்னிரண்டு வாரங்களுக்குப் பின் பார்த்தபோது, இரண்டும் பெற்றவர்களில் 71 சதவிகிதத்தினரும், மருந்து மட்டும் பெற்றவர்களில் சுமார் 61 சதவிகிதத்தினரும், பேச்சுச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் சுமார் 43 சதவிகிதத்தினரும் நன்கு தேறியிருந்தனர். வெறும் மாத்திரை உட்கொண்டவர்களிலோ, சுமார் 35 சதவிகிதத்தினர் தேறியிருந்தனர்.

இக்கடைசி எண்ணே கவனிக்கத் தக்கது. ஒன்றுமில்லாத மாத்திரையினாலும் மூவரில் ஒருவர் தேறுகிறார். காலம் செல்லச் செல்ல நோய் தானே தணிவதும் உண்டு. ஒருவர் அக்கறையோடு விசாரிக்கிறார் என்பதனாலேயே மனம் தெளிவதும் உண்டு. துன்பம் உச்சத்தில் இருக்கும்பொழுதே மருத்துவரைத் தேடிச் செல்வது வழக்கமாதலால், அதற்குப் பின் எது நேர்ந்தாலும் இறக்கமாகவே தோன்றும். ஆகவே எந்த முறையைக் கையாண்டாலும், அதைக் கையாண்டவர் நூறு குழந்தைகளில் முப்பது பேரைக் குணமாக்கியதாகக் கூறிக்கொள்ள இயலும். அவர் மனமறிந்து ஏமாற்றவும் வேண்டியதில்லை. தம் கண்ணால் கண்டதையே சொல்வார். ஒப்பிட்டுப் பார்க்க மற்றொரு பிரிவு இல்லாத வரையில் அனுபவசாலியான மருத்துவரும் இம்மயக்கத்திற்கு உட்பட்டவரே.

இம்மயக்கத்தினால் விளையும் தீங்கு பண நஷ்டத்தோடு முடிவதில்லை. பராக்ஸெட்டின் என்ற மற்றொரு மருந்தின் வரலாறு அதனைக் காட்டும். மனச்சோர்வுற்ற இளைஞர்களுக்கு அது பயனளிக்கிறது, பெரிய கேடு ஏதும் செய்வதில்லை என்று 2001-இல் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை அறிவித்தது. அப்பரிசோதனைக்குப் பணம் கொடுத்தது மருந்தைத் தயாரித்த கம்பெனியே. பதினெட்டு வயதிற்குட்பட்ட மனச்சோர்வு நோயாளிகளுக்கு அதனைக் கொடுக்கவேண்டாம் என்று 2003-இல் பிரிட்டிஷ் அதிகாரிகள் எச்சரித்தனர். மறு ஆண்டில் அமெரிக்க அதிகாரிகள், மனச்சோர்வு மருந்துகள் அனைத்தின் மீதும், இளம் வயதினரிடையே தற்கொலை எண்ணத்தை அவை அதிகரிக்கக் கூடும் என்ற எச்சரிக்கையை அச்சிட உத்தரவிட்டனர். அதே பரிசோதனையின் மூல விவரங்களை வேறு ஆராய்ச்சியாளர்கள் மீண்டும் பரிசீலித்து 2015-இல் வெளியிட்ட கட்டுரை, அம்மருந்து வெறும் மாத்திரையைவிட மேலானதல்ல, தீங்கோ மிகுதி என்று தெளிவாக்கியது. விஞ்ஞானத்தின் பெயரால் வந்த தவறு விஞ்ஞான முறையினாலேயே திருத்தப்பட்டது என்று ஒருவாறு ஆறுதல் கொள்ளலாம். இடையில் கழிந்த பதினான்கு ஆண்டுகளைத்தான் மறப்பதற்கில்லை. பேச்சுச் சிகிச்சைகளையும், பள்ளி முகாம்களையும் இவ்வாறு மறுபரிசீலனை செய்யவேண்டுமென்றால், முதலில் அவற்றைப் பற்றிய விவரங்களாவது எங்கேனும் பதிவாகியிருக்க வேண்டுமல்லவா?

மறுபுறம், நன்கு பரிசோதிக்கப்பட்ட எளிய முறைகள் கேட்பாரற்றுக் கிடக்கின்றன. பெங்களூர்ப் பட்டியலில் கண்ட, உறக்கத்தில் சிறுநீர் கழிக்கும் குறையையே எடுத்துக்கொள்வோம். குழந்தை மருத்துவரான ஃபௌண்ட்லர் என்பவர், ஆஸ்பத்திரிக் குழந்தைகளின் படுக்கை நனைந்தவுடன் தாதியருக்கு அறிவிப்பதற்காக ஒரு மின்சார மணியை அமைத்து, அதைப் பற்றி 1904-இல் எழுதினார். படுக்கையை மாற்றுவதற்காக வைத்த மணி அது. ஆனால் மணியோசை கேட்டுக் கேட்டு விழித்த குழந்தைகள் நாளடைவில் படுக்கையை நனைப்பதையே விட்டுவிட்டனர். அமெரிக்காவில் மௌரர் தம்பதியர் 1938-இல் இதனை ஒரு முறையான சிகிச்சையாக வகுத்தனர். பின்னர் எத்தனையோ ஒப்பீட்டுப் பரிசோதனைகள் நடந்தன. மணியைப் பயன்படுத்தும் குழந்தைகளில் சுமார் மூன்றில் இரு பங்கினர் சில வாரங்களில் உலர்ந்த படுக்கையில் எழுகின்றனர் என்பது அவற்றால் உறுதிப்பட்டது. சிலருக்குக் குறை திரும்புவதும் உண்டு. அவர்களுக்கு மணியை மீண்டும் வைத்தால் பெரும்பாலும் பலன் கிடைக்கும். அடியும், இகழ்ச்சியும், ஈரப் பாயைத் தெருவார் காண வெயிலில் விரிப்பதும் இக்குறையை ஒரு நாளும் போக்கியதில்லை. ஆயினும் நம் வீடுகளில் இன்றும் பெருவழக்காக உள்ளவை அவையே.

அச்சத்திற்கான சிகிச்சையின் வரலாறும் ஏறத்தாழ இத்தகையதே. முயலைக் கண்டு நடுங்கிய பீட்டர் என்ற சிறுவனுக்கு அவன் விரும்பும் தின்பண்டத்தைக் கொடுத்துக்கொண்டே, முயலை நாளுக்கு நாள் சற்று அருகில் கொண்டுவந்து அச்சத்தைப் போக்கியதை மேரி கவர் ஜோன்ஸ் என்ற அம்மையார் 1924-இல் பிரசுரித்தார். ஒரு குழந்தையின் வரலாறு சான்றாகாது, யோசனையாகவே நிற்கும். பல ஆண்டுகளுக்குப் பின் நடந்த பரிசோதனைகளே அந்த யோசனையைச் சிகிச்சையாக்கின. அஞ்சும் பொருளிலிருந்து குழந்தையை விலக்கி வைப்பது இரக்கமாகத் தோன்றினாலும், அது அச்சத்தை வளர்க்கிறது என்பதும், சிறிது சிறிதாகப் பழக்குவதே அதனைக் குறைக்கிறது என்பதும் இன்று நிலைபெற்ற அறிவாகும்.

இவை யாவும் மேனாட்டுப் பரிசோதனைகள், நம் பிள்ளைகளுக்குப் பொருந்துமா என்று சிலர் ஆட்சேபிப்பர். நியாயமான ஆட்சேபமே. அதற்குரிய விடை பரிசோதனையைக் கைவிடுவதன்று, இங்கேயே நடத்துவது. அவ்வாறு நடத்தவும் பட்டிருக்கிறது. பீகாரின் நாலந்தா ஜில்லாவில் 75 உயர்நிலைப் பள்ளிகளில் நடந்த சேஹர் என்னும் பரிசோதனையின் முடிவுகள் 2018-இல் வெளியாயின. பள்ளியின் சூழ்நிலையைச் சீர்படுத்தி, மாணவரின் மனநலத்தைப் பேணும் ஒரு திட்டம் அது. சில பள்ளிகளில் அதனை நடத்தியவர்கள் அதற்கென்றே நியமிக்கப்பட்டுப் பயிற்சி பெற்ற ஆலோசகர்கள். இவர்கள் மருத்துவரல்லர், மனவியல் நிபுணரும் அல்லர். வேறு சில பள்ளிகளில் அதே திட்டத்தை அப்பள்ளி ஆசிரியர்களே நடத்தினர். எஞ்சிய பள்ளிகள் ஒப்பீட்டிற்காக விடப்பட்டன. ஆலோசகர்கள் இருந்த பள்ளிகளில் சூழ்நிலை சீர்பட்டது, மனச்சோர்வு குறைந்தது, ஒருவரையொருவர் துன்புறுத்துவதும் குறைந்தது. ஆசிரியர்கள் நடத்திய பள்ளிகளிலோ ஒப்பீட்டுப் பள்ளிகளைவிட எவ்வகை மேன்மையும் காணப்படவில்லை.

இம்முடிவை ஆசிரியர்கள் மீது குறை கூறுவதாகக் கொள்ளலாகாது. பாடம், பரீட்சை, தேர்தல் வேலை, ஜனத்தொகைக் கணக்கெடுப்பு எல்லாம் சுமக்கும் ஆசிரியரின் தலைமேல் மனநலத்தையும் ஏற்றினால் அது ஏறி நிற்பதில்லை என்பதே இதன் பொருள். மேலும், ஒரு மாணவன் தன் உள்ளத்து வேதனையைத் தனக்கு மார்க்கு போடுபவரிடமே சொல்வான் என்று எதிர்பார்ப்பதும் சற்று மிகையே. ஒவ்வொரு புதிய திட்டத்தையும் "ஆசிரியர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி" என்ற ஒரு வரியில் முடித்துவிடும் அதிகாரிகள் நாலந்தா முடிவை மேஜைமேல் வைத்துக்கொள்வது நல்லது.

டில்லியில் ஏழைப் பிள்ளைகள் படிக்கும் ஆறு பள்ளிகளில் 251 மாணவரைக் கொண்டு நடந்து 2020-இல் பிரசுரமான பரிசோதனை இன்னும் நுட்பமான பாடத்தைத் தருகிறது. ஒரு பிரிவினருக்கு, நிபுணரல்லாத ஆலோசகர் ஒருவர் சில வாரங்கள் சந்தித்து, எதிர்ப்படும் பிரச்சினைகளைப் படிப்படியாகத் தீர்க்கும் வழியைக் கற்பித்தார். மற்றப் பிரிவினர் கைவிடப்படவில்லை. அதே வழியை விளக்கும் சிறு அச்சுப் புத்தகங்கள் அவர்களுக்கு வழங்கப்பட்டன. ஆறு வாரங்களின் முடிவில், மாணவர் தாமே எடுத்துரைத்த பிரச்சினைகள் ஆலோசகரைச் சந்தித்தவர்களிடம் அதிகமாகக் குறைந்திருந்தன. பொதுவான மனநோய் அறிகுறிகளை அளக்கும் வினாத்தாளிலோ இரு பிரிவினருக்கும் வேற்றுமை தெரியவில்லை. ஆராய்ச்சியாளர் இரண்டையும் ஒளிக்காமல் பதிப்பித்தனர். குழந்தைகள் மீது பரிசோதனை நடத்துவது கருணையற்ற செயல் என்று கருதுவோருக்கும் இதில் விடை உண்டு. ஒப்பீட்டுப் பிரிவு என்றால் ஒன்றும் கொடாமல் பட்டினி போடுதல் என்பதன்று. பரிசோதியாத முறையை லட்சக்கணக்கான குழந்தைகள் மீது ஒரே உத்தரவில் செலுத்துவதும் ஒரு பரிசோதனையே. அதன் விளைவை யாரும் எழுதி வைப்பதில்லை என்பதே வேறுபாடு.

நல்லெண்ணத்தோடு தொடங்கிய முயற்சிகளும் பரிசோதனையில் தோற்பது உண்டு. மனத்தை ஒருநிலைப்படுத்தும் பயிற்சியைப் பள்ளிகளில் கற்பித்தால் இளைஞரின் மனச்சோர்வு தடைப்படும் என்ற நம்பிக்கை உலகெங்கும் பரவியிருந்தது. பிரிட்டனில் 85 பள்ளிகளில் எட்டாயிரத்திற்கு மேற்பட்ட மாணவரிடையே இதனைச் சோதித்து 2022-இல் முடிவு வெளியிட்டனர். பள்ளிகளில் வழக்கமாக நடைபெறும் மனநலப் பாடத்தைவிட அது மேலான பயன் எதையும் தரவில்லை. தியானம் தோன்றிய நாடு என்ற பெருமை நமக்கு உண்டென்றாலும், அப்பெருமை நம் பள்ளிகளில் நடத்தும் வகுப்புகளைச் சோதனையிலிருந்து விலக்குவதற்குக் காரணமாகாது.

பெங்களூரின் நிலை இதில் தனித்தன்மை உடையது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பைத்தியக்காரர் விடுதியாகத் தொடங்கி, 1925-இல் மைசூர் அரசாங்க மனநோய் ஆஸ்பத்திரி என்ற பெயர் பெற்ற நிலையத்தோடு, 1954-இல் அகில இந்திய மனநலக் கழகம் தோற்றுவிக்கப்பட்டது. இரண்டும் 1974-இல் ஒன்றாக இணைந்தன. தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிலையம் என்று 2012-ஆம் ஆண்டுச் சட்டம் இதனை அறிவித்தது. ஜில்லா அளவில் மனநலச் சேவையைப் பரப்பும் முயற்சி 1985-இல் பெல்லாரியில் தொடங்கியதும் இந்நிலையத்தின் முயற்சியே. குழந்தைகளுக்கான தனிப் பகுதியில் பெற்றோரும் உடன் தங்குகின்றனர். குழந்தையை ஒப்படைத்துவிட்டுச் செல்வதற்குப் பதிலாக, அதனிடம் எவ்வாறு பேசுவது, எதைக் கண்டிப்பது, எதைக் காணாதது போல விடுவது என்பதைத் தாய் தந்தையரும் பழகிச் செல்கின்றனர். மருத்துவமனைக்கு வெளியே குழந்தை கழிக்கப்போகும் ஆண்டுகளை எண்ணிப் பார்த்தால், சிகிச்சையின் பெரும்பகுதி இதுவே எனலாம்.

இந்நிலையத்தாரும் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாழ்க்கைத் திறன் கல்வியை ஆசிரியர் மூலம் அளித்து, அதன் விளைவை 2010-இல் வெளியிட்டனர். பயிற்சி பெற்ற மாணவரிடம் தன்மதிப்பும், தொல்லைகளைச் சமாளிக்கும் ஆற்றலும், ஆசிரியரோடு இணங்கும் தன்மையும் மேம்பட்டிருந்தன. மனக்கோளாற்றின் அறிகுறிகளில் வேற்றுமை இல்லை. ஆகவே அக்கல்வி நல்ல கல்வி. ஆனால் நோய்க்கு மருந்தன்று. நோயுள்ள பிள்ளைக்கு அதனைக் கொடுத்துவிட்டுச் சிகிச்சை அளித்தாயிற்று என்று பதிவு செய்வது தவறு. கல்வி இலாகாவின் அறிக்கைகளில் இவ்விரண்டும் அடிக்கடி கலந்துவிடுகின்றன.

மனநலத் தொலைபேசிச் சேவையான டெலி-மானஸ் 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்டது. அதற்கும் தலைமை நிலையம் பெங்களூரில்தான். 14416 என்ற எண்ணைக் கட்டணமின்றி எவரும் அழைக்கலாம். இத்தகைய சேவையின் வெற்றியை, வந்த அழைப்புகளின் எண்ணிக்கையைக் கொண்டு அளப்பது எளிது. அழைத்த பதினைந்து வயதுப் பையன் மூன்று மாதம் கழித்துப் பள்ளிக்குச் செல்கிறானா, உறங்குகிறானா என்பதை அளப்பது கடினம், செலவும் ஆகும். எனினும் பிந்தியதே கணக்கு. அவனது சம்மதத்தோடும் பெற்றோர் சம்மதத்தோடும் சிலரையேனும் தொடர்ந்து விசாரிப்பதற்குத் திட்டத்தின் தொகையில் ஒரு பங்கை ஒதுக்கவேண்டும். பள்ளிகளில் நுழைய அனுமதி கேட்கும் ஒவ்வொரு மனநலத் திட்டத்திடமும் ஒப்பீட்டுப் பரிசோதனையின் முடிவைக் கேட்கவேண்டும். முடிவு இல்லையெனில் அனுமதியை மறுக்கவேண்டும் என்பதில்லை. முதலில் சில பள்ளிகளில் மட்டும் அனுமதித்து, மற்றப் பள்ளிகளோடு ஒப்பிட்டு அளக்கச் செய்தல் போதும்.

பெற்றோரும் மருத்துவரிடம் நான்கு வார்த்தை கேட்பதற்குக் கூசவேண்டியதில்லை. என் குழந்தைக்கு உள்ள குறையின் பெயர் என்ன? இந்தச் சிகிச்சை இவ்வயதினரிடம் சோதிக்கப்பட்டதா? எத்தனை வாரங்களில் பலன் தெரியும்? தெரியாவிட்டால் அடுத்து என்ன செய்வோம்? நல்ல மருத்துவர் இக்கேள்விகளால் மனம் சுளிப்பதில்லை. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, இவ்வகையில் பெற்றோருக்குத் துணை நிற்கிறது. பதினெட்டு வயதிற்குட்பட்டோரை ஆஸ்பத்திரியில் சேர்த்தால் பெரியவர்களிடமிருந்து பிரித்து வைக்கவேண்டும் என்றும், குழந்தையின் பிரதிநிதி உடன் தங்கவேண்டும் என்றும், பாதுகாவலரின் சம்மதமும் மனநல வாரியத்தின் முன் அனுமதியும் இன்றி மின்னதிர்ச்சிச் சிகிச்சை அளிக்கலாகாது என்றும் அது விதித்துள்ளது.

எளிதில் தொடங்கக் கூடியது ஒன்று உண்டு. படுக்கை மணி விலையுயர்ந்த கருவியன்று. அதனைப் பொருத்திக் காட்ட மனநோய் நிபுணரும் வேண்டியதில்லை, பயிற்சி பெற்ற தாதி ஒருவர் போதும். ஒவ்வொரு ஜில்லா ஆஸ்பத்திரியும் ஒரு பத்து மணிகளை வாங்கி வைத்து, புத்தகசாலையில் புத்தகம் கொடுப்பதுபோல மூன்று மாதத் தவணைக்கு வீட்டுக்கு இரவல் கொடுக்கலாம். கொடுத்த தேதி, திரும்பிய தேதி, குழந்தையின் வயது, முதல் வாரத்தில் நனைந்த இரவுகள், கடைசி வாரத்தில் நனைந்த இரவுகள் என்று ஐந்து பத்திகள் கொண்ட ஒரு நோட்டுப் புத்தகத்தையும் அதனுடன் வைத்தால், ஓர் ஆண்டுக்குள் அந்த ஜில்லாவின் கணக்கு அந்த ஜில்லாவிலேயே கிடைத்துவிடும்.